பிரெண்ட்ஸ் என்றால் யார்?

சாவியை மேசை மேல் வைக்கச் சொன்னார் துரை. மருதமுத்து வைத்தான்.

விரல் நீளப் பித்தளைச் சாவி. அதன் கழுத்தில் காயத்துக்குக் கட்டும் துணியில் ஒரு கிழிசல் முடிந்திருந்தது. அடையாளத்துக்காக அவனே முடிந்தது. காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்து, ஆட்களெல்லாம் மலைக்கு ஏறிப் போயிருந்தார்கள். ஆபீஸ் வராந்தாவில் துரை, மருதமுத்து, நான். வேறு யாருமில்லை. எதிர்மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. மருதமுத்துவின் சட்டையில் கார்பாலிக் வாடை.

“இந்தச் சாவி உன்னைத் தவிர வேறு யாரிடம் இருக்கிறது?” என்று துரை இங்கிலீசில் கேட்டார்.

என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள். தோட்டத்துப் பூட்டுகள் எல்லாவற்றுக்கும் இரட்டைச் சாவி அங்கே தொங்கும். துரை வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு அது தெரியாது. கிளாக்கராகிய நான் சொல்லவுமில்லை.

மருதமுத்து நிமிர்ந்தான். அவன் பார்வை என் தலைக்கு மேலே போய் அந்தப் பலகையில் நின்றது. பிறகு இறங்கி என் முகத்தில் நின்றது. என் பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை பேரேட்டில் விழுந்து பரவியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யாரிடமும் இல்லை, சார்” என்றான்.

போன வாரம் இந்தத் தொடரில் என் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதினேன். அதில் மருதமுத்துவின் பெயர் ஓரிடத்தில் வரும். ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டேன். மறந்து தாண்டவில்லை. படித்த ஒருவர், “அந்த மருதமுத்து பிறகு என்ன ஆனார்?” என்று கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். அந்தக் கடிதத்தைப் பிரித்ததும் கையெழுத்தைத்தான் முதலில் ஆராய்ந்தேன், விஷயம் தெரிந்த யாரோ என் வாயைக் கிளறுகிறார்களோ என்று. அறுபது வயதிலும் எனக்கு இந்தப் புத்தி போகவில்லை. இந்தப் புத்தியைப் பற்றித்தான் இந்த வாரம்.

கரையான் விட்டுவைத்த புத்தகம்

கோப்பிச் செடி செத்த காலம். இலையில் துரு விழுந்து மலை மலையாகக் கோப்பி போயிற்று. துரைமார் பலர் பங்களாவைப் பூட்டிவிட்டுக் கப்பலேறினார்கள். அப்படிப் போன ஒருவருடைய சாமான்களைப் பதுளையில் ஏலம் விட்டார்கள். நாற்காலி, கட்டில், குதிரைச் சேணம் எல்லாம் போன பிறகு, கடைசியில் ஒரு பெட்டிப் பழைய புத்தகம் மிஞ்சியது. கேட்க ஆளில்லாததால் எங்களுக்கு வந்தது.

எங்களுக்கு என்றால் எனக்கும் மருதமுத்துவுக்கும். என் தகப்பனாருக்குப் பதுளைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. அவனுடைய தகப்பனார் பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணி. நாற்பது ஐம்பது ஆட்களை மேய்ப்பவர். இருவரும் பதுளையில் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் படித்தோம். அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டதில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. அதை அப்போது நான் கவனிக்கக்கூட இல்லை.

பெட்டியில் கரையான் தின்றது போக உருப்படியாக இருந்தது ஒரே நாவல். தோல் அட்டை, இரண்டு பாகம். முகப்புத் தாள் இல்லை. எழுதியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நூறு வருஷத்துப் பழசு என்று எங்கள் வாத்தியார் சொன்னார். அதில் ‘எஸ்’ எழுத்து பல இடங்களில் ‘எப்’ போல அச்சாகியிருக்கும். அதைப் பிடிக்கவே எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளை ஓயா என்கிற ஆற்றங்கரையில் உட்கார்ந்து மாற்றி மாற்றி உரக்கப் படிப்போம்.

அந்தக் காலத்து இங்கிலீசு நாவல்களில் நட்பு சாமானியமான விஷயமல்ல. காதலுக்கு ஒரு படி மேலே அதை வைத்திருப்பார்கள். இரண்டு கனவான்கள் மரத்தடியில் கைபிடித்துச் சத்தியம் செய்வார்கள். பக்கத்து ஊரில் இருந்துகொண்டே பத்துப் பக்கம் கடிதம் எழுதுவார்கள். ஒருவன் குற்றத்தை மற்றவன் முகத்துக்கு நேரே சொல்வான். சொன்னதற்காக இவன் அழுது அவனைத் தழுவிக்கொள்வான்.

இதில் ஒரு பொய்ச் சிநேகிதனும் கட்டாயம் இருப்பான். அவன் மெதுவாகப் பேசுவான். அடிக்கடி சுகம் விசாரிப்பான். யார் மெய், யார் பொய் என்று முந்நூறு பக்கத்துக்கு நாம் ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். அந்த நாவல் எனக்கு நட்பைக் கற்றுக்கொடுத்தது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது கற்றுக்கொடுத்தது அந்த உற்றுப் பார்ப்பதை.

நாவலில் வரும் கனவான்கள் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்வார்கள்: ஒருவனுடைய குறையை மற்றவன் அவனிடமும், அவனுடைய பிரெண்ட்ஸிடமும் தவிர வேறு எவரிடமும் சொல்லக்கூடாது. எங்களுக்கு அது பிடித்துவிட்டது. ஓயாக் கரையில் நாங்களும் கைபிடித்தோம். அங்கேதான் அந்தச் சண்டை வந்தது.

“டேய் நடேசா, இந்தப் புஸ்தகத்துல பிரெண்ட்ஸ் பிரெண்ட்ஸ்னு வருதே, அது சிநேகிதக்காரங்க இல்லடா” என்றான் மருதமுத்து.

“பின்ன யாரு? பேய் பிசாசா?”

“அப்பன், சித்தப்பன், அண்ணன். சொந்தக்காரங்க. இங்க பாரு, இந்தப் பொண்ணு என்னா சொல்றா? ‘என் பிரெண்ட்ஸ் சம்மதிச்சாத்தான் கல்யாணம்’ங்குறா. தண்ணிக்குப் போற எடத்துல தோழிமாருகிட்டயா சம்மதம் கேப்பா?”

“அவ வெள்ளக்காரிடா. கேட்டாலும் கேப்பா.”

“இந்தக் கிழவன் சாகும்போது பிரெண்ட்ஸக் கூப்புடுங்கறான். வர்றது பூரா தம்பியும் மருமகனும்.”

“இங்கிலீசுல பிரைஸ் வாங்குனது நீயா நானா?”

அவன் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினான். “நீங்கதாங்க ஐயா. ஒங்க வெள்ளக்காரி ஒங்க சொல்லத்தான் கேப்பா.”

சிரித்தோம். ஆனாலும் அவன் விடவில்லை. பென்சிலை எடுத்து அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் ஏதோ கிறுக்கினான். என்ன என்று நான் பார்க்கவில்லை. பிரைஸ் வாங்கியவன் நானல்லவா?

நீயும் நீங்களும்

சில வருஷங்களில் இருவருக்கும் ஒரே தோட்டத்தில் வேலை கிடைத்தது. ரயில் அப்போது பண்டாரவளை வரை வந்திருந்தது, மலையெல்லாம் தேயிலை. நான் ஆபீசில் கிளாக்கர். அவன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவன். ஆட்கள் அவனை டாக்டர் ஐயா என்பார்கள்.

அங்கே எங்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. அவன் அதே தோட்டத்துக் கங்காணியின் மகன். லயங்களில் குடியிருக்கும் ஆட்களுக்கு முன்னால் என்னை “நீ” என்றால் அவன் தகப்பனாருக்கே பொறுக்காது. “நீங்க” என்றால் அவன் நாக்கு இடறும், எனக்கும் கூசும். ஆகவே ஆள் இருக்கும்போது இங்கிலீசில் பேசிக்கொண்டோம். அதில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’தான். எங்கள் இங்கிலீசைக் கேட்டு ஆட்கள் மரியாதையாக ஒதுங்குவார்கள். நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் ரசத்தில் உப்பு அதிகம் என்பது போன்ற விஷயம்தான்.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு வயிற்றுக் கடுப்பு வந்தது. மருதமுத்து அபின் டிங்சரைச் சொட்டுக் கணக்கில் தண்ணீரில் விட்டுக் கொடுத்தான். நான்கு நாள். கடுப்பு நின்றதும் அவன் நிறுத்திவிட்டான்.

நான் நிறுத்தவில்லை.

அந்தத் திரவம் தொண்டையில் இறங்கினால் கால் மணி நேரத்தில் உலகத்துக்கு ஒரு கம்பளி போர்த்தினாற்போல் இருக்கும். தோட்டம், மழை, பேரேடு, துரையின் குரல் எல்லாம் கம்பளிக்கு அந்தப் பக்கம் போய்விடும். மருந்தலமாரியின் இரட்டைச் சாவி என் தலைக்கு மேலேயே தொங்கியது. மருதமுத்து லயங்களுக்கு நோயாளி பார்க்கப் போகும் நேரமும் எனக்குத் தெரியும். முதலில் வாரம் ஒரு முறை எடுத்தேன். பிறகு எப்போது எடுக்கவில்லை என்பதைத்தான் எண்ணவேண்டியிருந்தது. குறைந்த அளவுக்குப் போத்தலில் தண்ணீர் ஊற்றிவைப்பேன்.

அடையாளங்கள்

அந்த மாதங்களில் நான் மருதமுத்துவை நாவலைப் போலப் படிக்கத் தொடங்கினேன்.

“தூக்கம் எப்படி?” என்று கேட்டான். குறித்துக்கொண்டேன். பேசும்போது என் கண்ணின் கருமணியையே பார்த்தான். குறித்துக்கொண்டேன். பேச்சுக் குறைந்தது, குரல் இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொல்லாமல் பதுளைக்குப் போய்வந்தான். எங்கள் கடைக்கு எதிரே அவன் நின்றுகொண்டிருந்ததாகத் தபால்காரன் தற்செயலாகச் சொன்னான்.

“கடைக்குள்ள போனானா?”

“இல்லீங்க. எதுத்தாப்புல நின்னாரு. அப்பறம் பேசாமத் திரும்பிட்டாரு.”

நாவலில் வரும் பொய்ச் சிநேகிதன் இப்படித்தான் வீட்டைச் சுற்றி வருவான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அபின் தின்றவனுக்கு எதிரில் இருப்பவன் எல்லாம் ஒற்றன்தான் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னவனையும் சந்தேகித்திருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தபால் பையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு மைல் தூரத்திலிருந்து மருதமுத்து எழுதியது. இங்கிலீசில் மூன்று வரி. என் நிலை இனி மறைக்கக்கூடியதல்ல. என்னிடம் நேரில் சொன்னால் நான் சிரித்து மழுப்பிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போய் என் பிரெண்ட்ஸிடம் சொல்லப்போகிறான்.

பிரெண்ட்ஸ்.

பதுளையில் எனக்கு நான்கு சிநேகிதர்கள் இருந்தார்கள். கச்சேரியில் சர்க்கார் வேலை செய்பவர்கள், சீட்டாட்டக்காரர்கள். அவர்கள் வாயில் ஒரு செய்தி விழுந்தால் திங்கட்கிழமைக்குள் எல்லாத் துரைமார் வீட்டுக் குசினியிலும் அது கொதிக்கும். என் வேலை போகும். தகப்பனார் இறந்த பிறகு கடையைத் தாங்கிக்கொண்டிருந்த அண்ணனால் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது. அந்த நால்வரின் முகத்தையும் நினைத்துப் பார்த்தேன். அவர்கள் சிரிப்பதுகூட எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை காலை, பெரட்டு முடிந்ததும் துரையிடம் போனேன். “ஆஸ்பத்திரிப் போத்தல்களில் தண்ணீர் கலந்திருக்கிறது, சார். அபின் டிங்சர் குறைகிறது. அலமாரிச் சாவி மருந்துக்காரனிடம் இருக்கிறது” என்றேன். மூன்று வாக்கியம். மூன்றும் பொய்யல்ல. அதுதான் அதில் உள்ள கயமை.

அதன் பிறகு நடந்ததை முதலிலேயே எழுதிவிட்டேன். சாவியை வைத்தான். பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். யாரிடமும் இல்லை என்றான்.

அவனை அன்றே வெளியேறச் சொன்னார் துரை. காரணத்தை ஆள்பேர்ப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். ‘மருந்து திருடியதற்காக நீக்கப்பட்டான்’ என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

பரணிலிருந்து இறங்கியது

திங்கட்கிழமை மத்தியானம் அண்ணன் மாட்டுவண்டியோடு தோட்டத்துக்கு வந்து நின்றார். துரையிடம், “வீட்டில் சுகமில்லை” என்று சொல்லி என்னை ஏற்றிக்கொண்டார். வீட்டில் ஓர் அறையில் என்னை வைத்துப் பூட்டினார். வியர்வை, வாந்தி, எலும்புக்குள் எறும்பு ஊர்வது போன்ற வலி. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. பிழைத்தேன். பிறகு கடையில் உட்கார்ந்தேன். இன்றுவரை ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

“ஒங்களுக்கு யாரு சொன்னது?” என்று ஒரு முறை அண்ணனிடம் கேட்டேன்.

“எவனோ சொன்னான். ஒனக்கு எதுக்கு?” என்றார்.

தபால்காரன் என்று நினைத்தேன். தேயிலைக் கொட்டகைப் பெரியவர் என்று நினைத்தேன். சீட்டாட்டக்காரர் நால்வரையும் ஒவ்வொருவராகச் சந்தேகித்து, ஒவ்வொருவராக விட்டேன். மருதமுத்துவை மட்டும் சந்தேகிக்கவில்லை. அவனுக்கு நான் செய்ததற்குப் பிறகு அவன் எனக்கு நல்லது செய்திருப்பான் என்று நினைக்க எனக்குத் தைரியமில்லை.

அப்படியே முப்பது வருஷம் போயிற்று. ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்பு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். அண்ணன் ஏணி மேல் நின்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு விரிக்கும் மெழுகுத்துணியில் சுற்றியது.

“இந்தா. ஒன்கிட்ட குடுக்கச் சொல்லிக் குடுத்தான். இந்தக் கண்றாவியெல்லாம் படிச்சுத்தான் நீ கெட்டேன்னு மேல தூக்கிப் போட்டேன். மறந்தே போச்சு.”

“யாரண்ணே குடுத்தது?”

“அந்த மருந்துக்காரப் பயதான். மருதமுத்து. ஞாயித்துக்கிழம விடியக்காலையில வந்தான். நல்ல மழ. மழைக்கு உள்ள ஏறி நில்லுப்பான்னேன், ஏறல. வாசல்லயே நின்னு, ‘நடேசன இன்னைக்கே போயிக் கூட்டியாந்துருங்க, நாளாச்சுன்னா ஆளு தேறாது’ன்னான். வெவரத்தச் சொன்னான். எவன்கிட்டயும் சொல்லாதீங்கன்னான்.”

“வேல போனதச் சொன்னானா?”

“வேல போச்சா? அதச் சொல்லலியே. தகரப் பெட்டி ஒண்ணு வச்சிருந்தான். எங்கப்பா பயணம்னு கேட்டேன். மொனராகலப் பக்கம்னான்.”

சனிக்கிழமை நான் அவனைத் திருடனாக்கினேன். அன்று பகலிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி, விடிய விடிய மழையில் நடந்து, ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி பதுளைக்கு வந்திருக்கிறான்.

மெழுகுத்துணியைப் பிரித்தேன். இரண்டு பாகமும் நனையாமல் இருந்தன. அந்தப் பெண் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசும் பக்கத்தைத் தேடினேன். பென்சில் கோடு இருந்தது. ஓரத்தில் பதினேழு வயது மருதமுத்துவின் தமிழ் எழுத்து: ‘அப்பன், சித்தப்பன், அண்ணன்.’

உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் பார்த்தேன். பெரும்பாலான இடங்களில் அவன் சொன்னதுதான் சரி. இங்கிலீசுக்காரர் அந்தக் காலத்தில் நம்மீது அக்கறையும் உரிமையும் உள்ள வீட்டாரைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பிரைஸ் வாங்கிய எனக்கு அது கண்ணில் படவில்லை.

மொனராகலையில் ஒரு மத்தியானம்

உடனே போய்விட்டேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து, சென்ற மாதம்தான் பஸ் ஏறினேன்.

மலையிறங்கியதும் காற்று உலர்ந்துவிடும். கடைவீதி முடிகிற இடத்தில் அவனுக்குச் சின்ன மருந்துக்கடை. காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை, தைலம், சூரணம். தலை பூராவும் வெள்ளை. என்னைக் கண்டதும் எழுந்தான்.

“வாங்க. இருங்க” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

“மருதமுத்து, பழையபடி டா போட்டுப் பேசு.”

“வரலீங்க” என்றான். கோபமில்லை. உண்மையிலேயே முயன்று பார்த்துவிட்டுச் சொன்னவன் போல இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். எதற்கும் குறுக்கே பேசாமல், ஒரு போத்தலைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“அண்ணன்னு எழுதியிருந்தா எனக்கு வெளங்கியிருக்குமே?” என்றேன். அப்போதும் அவனிடம் ஒரு குற்றம் தேடினேன் பாருங்கள்.

“தபால் பையில வர்ற கடுதாசிங்க. வேற யாராச்சும் பிரிச்சா? அண்ணன்னா எவனுக்கும் வெளங்கிரும். பிரெண்ட்ஸ்னா நம்ம ரெண்டு பேருக்குத்தான் வெளங்கும்னு நெனச்சேன்.”

“அன்னைக்குத் துரைகிட்ட ஏன் சொல்லல? பலகையப் பாத்தியே.”

“துரை ஒங்களுக்கு அண்ணனா தம்பியா?” என்றான்.

ஓயாக் கரையில் கைபிடித்துச் செய்த ஒப்பந்தத்தை அவன் அப்படியே வைத்திருந்தான்.

கிளம்பும்போது, “நான் என்ன செய்யணும், சொல்லு” என்றேன். ஏதும் வேண்டாம் என்பான், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறலாம் என்று எதிர்பார்த்தேன். நாவலில் அப்படித்தான் முடியும்.

“ஒண்ணு செய்யணுங்க” என்றான். “என் மக மருத்துவிச்சி வேலைக்குப் படிச்சிருக்கா. அவ அத்தை அந்தத் தோட்டத்துலதான் இருக்கா. அங்கேயே வேலை கேட்டுச்சு. ஆபீசுல பழைய புஸ்தகத்தப் பொரட்டிப் பாத்துட்டு, மருந்து திருடுனவன் மகளுக்கு ஆஸ்பத்திரியில வேலையான்னு அனுப்பிட்டாங்க. ஒங்க கையெழுத்துதான். இன்னும் நல்லாத் தெரியுதாம்.”

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தானோ என்று ஒரு எண்ணம் எனக்குள் எழுந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எழுந்தது, அடக்கினேன். அடக்கத் தெரிந்துகொள்ள எனக்கு அறுபது வயது ஆயிற்று.

“துரைக்கு நான் இங்கிலீசில் எழுதுகிறேன்” என்றேன்.

“வேணாங்க. நீங்க பத்திரிகையில தொடர் எழுதப் போறீங்களாமே. அதுல எழுதுங்க. லயத்துல வாசிச்சுக் காட்டுவாங்க. ஆபீசுலயும் பாப்பாங்க.” போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அலமாரியில் வைத்தான். “தமிழ்லயே எழுதுங்க. வேற அர்த்தம் வராம எழுதுங்க.”

எழுதுகிறேன்.

பதுளைக் கடைத்தெரு ஜவுளிக்கடை சொக்கலிங்கத்தின் இளைய மகன் நடேசன் ஆகிய நான், தோட்டத்து மருந்தலமாரியைத் திறந்து அபின் டிங்சரை எடுத்தேன். போத்தலில் தண்ணீர் ஊற்றியவனும் நான். ஆள்பேர்ப் புத்தகத்தில் உள்ள வரி நான் எழுதியது, அது பொய். மருதமுத்து ஒரு சொட்டும் எடுக்கவில்லை. இரட்டைச் சாவி என் கையில் இருந்தது. அது மருதமுத்து அவர்களுக்குத் தெரியும்.